பியோனியை ஆழமாக நட்டதில் போன மூன்று வசந்தங்கள்

2019 செப்டெம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பூக்காத இரண்டு பியோனிக் கன்றுகளையும் கிண்டி எடுத்தேன். கன்றின் காலடியிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சவளைச் சுற்றிவர இறக்கினேன். பிறகு முழங்காலில் இருந்து கையால் மண்ணை வழித்துக்கொண்டு போனேன். தண்டு கீழே கீழே போய்க்கொண்டிருந்தது, முளை கிளம்பும் கண்களைக் காணவில்லை. கடைசியில் உள்ளிப் பல்லின் நுனி மாதிரி, வெளிறிய சிவப்பில் நாலைந்து கண்கள் தென்பட்டன. அடிமட்டத்தை வைத்து அளந்தால் மண்மட்டத்திலிருந்து 14 சென்ரிமீற்றர். இருக்கவேண்டிய ஆழம் 5 சென்ரிமீற்றர், அதற்கு மேல் கூடாது. ஈர மண்ணில் அப்படியே இருந்துவிட்டேன். அழுகைதான் வந்தது. உரத்தை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன், மருந்து அடித்தேன், ஒருநாளாவது ஆழத்தைப் பார்க்கவில்லை.

ரொறன்ரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கம் வளவோடு வீடு வாங்கும் நம்மவர்கள் பலர் முதல் வருடமே பியோனிக்கு ஆசைப்படுகிறார்கள். மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை அந்தப் பூவைத் தெருவில் பார்த்தவர்களுக்கு ஆசை வராமல் இருக்காது. ஒரு சாண் அகலத்தில், அடுக்கடுக்காக, ரோசா மணம் கலந்த வாசத்தோடு பூக்கிற கன்று அது. எனக்கு முன்கூட்டிச் சொல்ல ஆள் இருக்கவில்லை. நான் பட்டதையும் அதற்குப் பிறகு விளங்கிக்கொண்டதையும் வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் மூன்று வருடமாவது மிஞ்சட்டும்.

கன்றின் இயல்பை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. கடையில் பியோனி என்று சும்மா எழுதியிருந்தால் அது பெரும்பாலும் மெல்லிய தண்டுள்ள, குளிர்காலத்தில் நிலத்தோடு மடிந்துபோகிற வகை. பியோனியா லாக்ரிஃப்ளோரா என்ற இனத்திலிருந்து வந்தவைதான் இவற்றில் அதிகம். சைபீரியா, மொங்கோலியா, வட சீனா அதன் தாயகம், சீன வைத்தியத்தில் அதன் வேர் பழைய மருந்து. ஏப்ரலில் கத்தரிக்காய் நிறம் கலந்த சிவப்பில் முளைகள் கிளம்பும். மே மாதத்தில் 75 முதல் 90 சென்ரிமீற்றர் உயரம் வந்து மொட்டுக் கட்டும். ஒக்டோபர் உறைபனியில் இலை கருகி விழும். நிலத்துக்குக் கீழே மரவள்ளி மாதிரிப் பருத்த வேர்கள் கொத்தாக இருக்கும். அவை சேரும் கழுத்தில்தான் கண்கள். ஒரு கண் அடுத்த வருடம் ஒரு தண்டு. அந்தக் கண்கள் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் உருவாகிப் பனிக்காலம் முழுக்கத் தூங்குகின்றன. மைனஸ் 40 பாகை வரை தாங்கும் கிழங்கு இது. தாங்குவது மட்டுமில்லை, 5 பாகைக்குக் கீழான குளிர் பல வாரங்கள் கிடைக்காவிட்டால் பூக்கவே மாட்டாது. ஊருக்குப் போகும்போது ஒரு கிழங்கு கொண்டுபோய் யாழ்ப்பாணத்தில் நடலாமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: வீணாகக் கொண்டுபோகாதீர்கள். இந்தியப் பக்கத்தில் காஷ்மீர் போன்ற இமயமலைச் சரிவுகளில் இதன் உறவுக்காரி ஒன்று, பியோனியா எமோடி, தானாக வளர்கிறது. அங்கே அந்தக் குளிர் இருக்கிறது.

இனி என் முதல் பிழை. 2017 மே மாதம் ஒரு பெரிய கடையில், படம் போட்ட பிளாஸ்ரிக் பையில் அடைத்த கிழங்கு மூன்று வாங்கினேன். ஒன்று 13 டொலர் வீதம் 39 டொலர். வகை சாரா பேர்ண்ஹார்ட். பைக்குள் மரத்தூள் மாதிரி ஏதோ நிரப்பி, அதற்குள் விரல் நீளத்தில் ஒரு கிழங்குத் துண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு கண், ஒன்றில் மட்டும் இரண்டு. இருட்டிலும் கடைச் சூட்டிலும் இருந்ததால் வெள்ளை முளை நீட்டியிருந்தது. முளைத்திருக்கிறதே, உயிரோடு இருக்கிறது என்று சந்தோசப்பட்டு வாங்கினேன். உண்மையில் அந்த வெள்ளை முளைதான் கெட்ட அடையாளம். வேர் மண்ணைத் தொடுவதற்கு முன்னமே கிழங்கு தன் சேமிப்பைச் செலவழிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பியோனி உறிஞ்சு வேரைப் புதிதாக விடும் காலம் இலையுதிர் காலம். ஆகவே வெறுங்கிழங்கு நடும் காலமும் செப்டெம்பர் நடுவிலிருந்து ஒக்டோபர் நடு வரை. மண் இறுகி உறைவதற்கு ஆறு வாரம் முன்பாவது கிழங்கு நிலத்துக்குள் இருக்கவேண்டும். நல்ல நாற்றுமேடைகள் கோடையில் முற்பதிவு எடுத்துச் செப்டெம்பரில்தான் அனுப்புவார்கள். விலை 25 முதல் 40 டொலர் வரை இருக்கும், மூன்று முதல் ஐந்து கண் இருக்கும். 13 டொலர்க் கிழங்கு மலிவு மாதிரித் தெரியும். ஆனால் அது பூக்கும் அளவுக்கு வர இரண்டு மூன்று வருடம் கூடுதலாகக் காத்திருக்கவேண்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் எறியவேண்டாம். பைக்கு மேலால் அமத்திப் பாருங்கள். கிழங்கு இறுக்கமாக இருக்கவேண்டும், கொழகொழத்தால் அழுகல். மணந்தும் பாருங்கள், பூஞ்சண நாற்றம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்லதென்றால் ஏப்ரலில் மண் கிண்டத்தக்க நிலைக்கு வந்தவுடன் நட்டுவிட்டு, பொறுமையாக இருங்கள்.

இரண்டாவது பிழைதான் பெரியது. கிழங்கு என்ற சொல்லே என்னைப் பிழையாக வழிநடத்தியது. ராசவள்ளி, மரவள்ளி, கருணை என்று பார்த்து வளர்ந்த கைக்குக் கிழங்கு என்றால் ஆழக் குழி, நிறைய மாட்டெரு, மேலே மண் அணைப்பு என்றுதான் தெரியும். நான் ஒரு சாண் ஆழத்தில் குழி வெட்டி, 6 டொலர்ப்படி இரண்டு பை மாட்டெரு கொட்டி, எருவுக்கு மேலேயே கிழங்கை வைத்து, மண்ணை மேடாக அணைத்தேன். பியோனிக்கு இது மூன்றும் ஆகாது. எரு கிழங்கைத் தொட்டால், அதுவும் நன்றாக மக்காத எருவென்றால், வெட்டுவாய் வழியாக அழுகல் பிடிக்கும். மூன்றில் ஒன்று அந்தக் கோடையிலேயே போய்விட்டது. ஜூலையில் முளை வாடியது, இழுத்துப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது, அடியில் பழுப்புக் களி. மற்ற இரண்டும் ஆழத்திலிருந்து தப்பி இலை விட்டன. ஆழமாக நட்ட பியோனி சாவதில்லை, அதனால்தான் பிழை பிடிபடுவதில்லை. வருடம் வருடம் இலை விடும். பச்சையாக, நோயில்லாமல் நிற்கும். மொட்டு மட்டும் வராது.

ஆழம் கூடுவதற்கு நாம் குழியை ஆழமாக வெட்டவேண்டும் என்றுகூட இல்லை. வேறு இரண்டு வழியாலும் அது கூடிவிடும். ஒன்று, கிண்டிய மண் தணியும்போது கிழங்கும் சேர்ந்து கீழே போகும். சரியாக 5 சென்ரிமீற்றரில் வைத்தது மழைக்குப் பிறகு 8 ஆகிவிடும். ஆகவே குழியின் அடிமண்ணைக் காலால் மிதித்து இறுக்கி, ஒரு வாளி தண்ணீர் விட்டு வடியவிட்டு, பிறகுதான் கிழங்கை வைத்து அளக்கவேண்டும். இரண்டு, வருடாவருடம் நாம் போடும் மூடாக்கு. மற்றப் பூக்கன்றுகளுக்கு மரச்சீவல் பரப்பும்போது பியோனிக் கழுத்துக்கு மேலேயும் இரண்டு விரல் அளவு பரப்பிவிடுகிறோம். அது மக்கி மண்ணாகும். நல்லாய்ப் பூத்துக்கொண்டிருந்த கன்று காரணமில்லாமல் நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால், முதலில் காலடி மண்ணை விரலால் விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மூடாக்குப் போடலாம், ஆனால் காலடியைச் சுற்றி ஒரு சாண் வட்டம் வெறுமையாக இருக்கவேண்டும்.

2018 வசந்தத்தில் இரண்டு கன்றும் இலையோடு நின்றதைப் பார்த்து, பசி என்று நினைத்துப் புற்றரைக்குப் போடும் உரத்தைப் போட்டேன். 25 டொலர்ப் பை. உரப் பையில் மூன்று எண் இருக்கும். முதல் எண் நைதரசன், இரண்டாவது பொசுபரசு, மூன்றாவது பொற்றாசியம். புல்லுக்குரிய உரத்தில் முதல் எண் 25, 30 என்று எகிறி நிற்கும். அது இலைக்குத்தான். என் கன்றுகள் கரும்பச்சையாகி, தண்டு நீண்டு தொய்ந்தன. பியோனிக்கு 5-10-10 மாதிரி முதல் எண் குறைந்த உரம் போதும். வளர்ந்த கன்றுக்கு ஒரு கைப்பிடி ஏப்ரலில், இன்னொரு கைப்பிடி பூத்து முடிந்த பிறகு. தண்டிலிருந்து 15, 20 சென்ரிமீற்றர் தள்ளி வட்டமாகத் தூவி, மேலால் கிளறித் தண்ணீர் விடவேண்டும். நட்ட முதல் வருடம் எதுவும் வேண்டாம். களிமண்ணில், மக்கிய இலையுரம் வருடம் ஒருதரம் வட்டமாகப் போடுகிறவர்கள் உரப்பையே வாங்காமல் அருமையாகப் பூக்கவைக்கிறார்கள்.

அந்த ஜூனில் பொறுக்கமுடியாமல், பூவோடு நின்ற சட்டிக் கன்று ஒன்று 45 டொலருக்கு வாங்கினேன். அதைச் சட்டியில் இருந்த அதே மட்டத்தில் நட்டேன், அது சரி. ஆனால் மற்றவற்றுக்குப் போலக் காலடியில் மரச்சீவலைக் குவித்தேன். 2019 மே கடைசியில் அதில் ஆறு மொட்டு. ஆறையும் தினமும் எண்ணினேன். ஒருநாள் காலையில் மொட்டு முழுக்க எறும்பு. பயந்துபோய் 11 டொலருக்குச் சவர்க்காரக் கரைசல் வாங்கி அடித்தேன். நாலு நாளில் மொட்டுக்கள் கறுத்தன. ஒன்றை விரலால் அமத்தியபோது உள்ளே பழுப்புப் பஞ்சு, வெளியே சாம்பல் நிறப் பொடி. எறும்புதான் தின்றுவிட்டது என்று உறுதியாக நம்பினேன்.

எறும்புக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பியோனி மொட்டின் புற இதழ்களில் தேன் கசியும், எறும்பு அதற்குத்தான் வருகிறது. மொட்டைக் கடிப்பதில்லை. எறும்பு வந்து விரித்துவிட்டால்தான் பூ மலரும் என்பதும் பிழையான நம்பிக்கை, எறும்பில்லாமலும் மலரும். விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் வைக்க வெட்டினால் தலைகீழாகப் பிடித்து உதறி, தண்ணீரில் ஒருமுறை அமிழ்த்தினால் போய்விடும். மொட்டைக் கறுக்கவைத்தது பொட்ரைற்றிஸ் என்ற பூஞ்சணம். குளிர்ந்த, ஈரமான வசந்தத்தில் அது கிளம்பும். அடையாளம் மூன்று: சிறு மொட்டு கறுத்துக் காய்வது, இளந்தண்டு நிலமட்டத்தில் கறுத்துத் திடீரென்று சாய்வது, அந்த இடத்தில் சாம்பல் நிறப் பொடி. முந்தைய வருடக் காய்ந்த தண்டின் அடிக்கட்டையில் அது கறுப்பு மணிகளாகக் குளிர்காலத்தைக் கழிக்கிறது. நான் 2018 இலையுதிர் காலத்தில் தண்டை வெட்டாமல், சீவலால் மூடிவிட்டிருந்தேன். ஈரப் போர்வை போர்த்தி நானே வளர்த்த நோய். பூஞ்சண மருந்துக்கு 18 டொலர் கொடுத்தேன். கறுத்துவிட்ட மொட்டை எந்த மருந்தும் திருப்பித் தராது. ஒன்ராறியோவில் 2009 முதல் வீட்டுத் தோட்டத்துக்குப் பல இரசாயன மருந்துகள் தடை என்பதால் நமக்குக் கிடைப்பதும் முன்கூட்டித் தடுக்கும் கந்தக வகைகள் மாதிரித்தான். நோய் வந்த தண்டை நிலத்தோடு வெட்டி, பையில் கட்டிக் குப்பையில் போடுவதுதான் வைத்தியம். வீட்டுக் கூட்டெருக் குவியலில் போடவேண்டாம். வெட்டிய கத்தரிக்கோலை 70 வீத மதுசாரத்தால் துடைத்துவிட்டு அடுத்த கன்றைத் தொடுங்கள்.

மொட்டுப் பட்டாணி அளவில் நின்று காய்வது எல்லாமே பொட்ரைற்றிஸ் இல்லை, இதையும் சொல்லவேண்டும். சாம்பல் பொடி இல்லாமல், தாள் மாதிரிப் பழுப்பாகக் காய்ந்தால் வேறு காரணம் தேடவேண்டும். மே மாதத்தில் பிந்தி அடித்த உறைபனி, மொட்டு வைக்கும் நேரத்தில் தண்ணீர் இல்லாமை, நிழல், கன்று இன்னும் சின்னது, அல்லது போன வருடம் இலையைக் கோடையிலேயே வெட்டியது. வெயில் குறைந்தது ஆறு மணிநேரம் வேண்டும். மேப்பிள் மரத்தடியில் வைத்தால் நிழலும் வேர்ப் போட்டியும் சேர்ந்து கன்றைப் பட்டினி போடும்.

கணக்குப் பார்த்தால் 39, 12, 25, 45, 11, 18. மொத்தம் 150 டொலர். பணத்தைவிட மனதை வாட்டியது, ஒவ்வொரு ஜூனிலும் அடுத்த வருடம் வரும் என்று காத்திருந்ததுதான். இந்தக் கன்று வருடத்தில் ஒருமுறைதான் பதில் சொல்லும். ஒரு பிழையைத் திருத்தினால் சரிதானா என்று தெரிய இன்னொரு வருடம் போகும்.

இனி 2019 செப்டெம்பரில் செய்த திருத்தம். இதைக் கவனமாக வாசியுங்கள். முதலில் புது இடம் தேர்ந்தேன்: வீட்டின் தெற்குப் பக்கம், காலை பத்திலிருந்து வெயில், மழைத் தண்ணீர் தேங்காத சிறு மேடு. புதுக் குடியிருப்புகளில் வீடு கட்டியவர்கள் மேல்மண்ணை வழித்துவிடுவதால் அரையடிக்குக் கீழே வெறும் களி இருக்கும். ஒரு குழி வெட்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் பியோனி அழுகும், மண்ணைச் சேர்த்து மேடாக்கவேண்டும். குழி 60 சென்ரிமீற்றர் அகலம், 40 ஆழம். குழி பெரிதாக வேண்டியது வேர் இறங்குவதற்குத்தான், கிழங்கை அடியில் வைப்பதற்கு இல்லை. அடியில் மக்கிய இலையுரத்தை மண்ணோடு கலந்து, மேலே 15 சென்ரிமீற்றருக்கு வெறும் மண். எலும்புத் தூள் ஒரு கைப்பிடி அடிமண்ணில் கலந்தேன். மண் கிட்டத்தட்ட நடுநிலையாக, அமில-கார அளவைச் சொல்லும் பி.எச். 6.5 முதல் 7 வரை இருந்தால் நல்லது. ஒரு கன்றுக்கும் மற்றதற்கும் ஒரு மீற்றர் இடைவெளி. நெருக்கி நட்டால் காற்று ஓடாமல் பூஞ்சணம் வரும்.

கிண்டி எடுத்த கிழங்கைக் குழாய்த் தண்ணீரால் கழுவி, நிழலில் இரண்டு மணிநேரம் வைத்தேன். எடுத்த உடனே கிழங்கு கரட் மாதிரி முறியும், கொஞ்சம் வாடினால் வளையும். தண்டை ஒரு சாண் விட்டு வெட்டினேன். அழுகிய பகுதியை வெள்ளை தெரியும் வரை சீவினேன். பிரிப்பதென்றால் ஒவ்வொரு துண்டிலும் மூன்று முதல் ஐந்து கண்ணும், பென்சில் தடிப்பிலாவது இரண்டு மூன்று வேரும் இருக்கவேண்டும். கண் இல்லாத வேர் முளைக்காது. என் கன்றுகள் சின்னவை என்பதால் பிரிக்கவில்லை. குழிக்குள் மண்ணைக் கூம்பாகக் குவித்து, கண் மேலே பார்க்க, வேர் சுற்றிவரக் கீழிறங்க வைத்தேன். குழிக்குக் குறுக்கே ஒரு தடியை வைத்து, தடியின் அடியிலிருந்து கண்ணின் நுனி வரை அடிமட்டத்தால் அளந்தேன். 4 சென்ரிமீற்றர். மண்ணைக் கையால் நிரப்பி, வேர்களுக்கு இடையில் பொந்து இல்லாமல் அமத்தி, தண்ணீர் விட்டேன். அரை மணிநேரம் கழித்து மீண்டும் அளந்தேன், 4.5. அதோடு விட்டேன். நட்ட முதல் பனிக்காலம் மட்டும், மண் உறைந்த பிறகு, காய்ந்த இலை நாலு விரல் போட்டேன். உறைந்தும் உருகியும் மண் புதுக் கிழங்கை வெளியே தள்ளிவிடும், அதைத் தடுக்கத்தான். ஏப்ரலில் முளை தெரிந்தவுடன் அந்த இலையை முழுக்க எடுத்துவிட்டேன்.

2020 ஜூனில் பூ இல்லை. இடம் மாறிய கன்று முதல் வருடம் வேருக்குத்தான் வேலை செய்யும் என்று தெரிந்திருந்தும் கஷ்டமாக இருந்தது. சட்டிக் கன்றில் இரண்டு மொட்டு வந்தது, காலடியைச் சுத்தமாக வைத்ததால் கறுக்கவில்லை. 2021 மே மாதம் இடம் மாறியதில் ஒன்றில் இரண்டு மொட்டு. ஒன்றைக் கிள்ளிவிட்டேன், மற்றது மலர்ந்தது. வெளிறிய றோசா நிறம், விளிம்பில் வெள்ளி பூசினாற்போல. பையில் வாங்கிய அந்தக் கிழங்குகளில் நாலு வருடத்துக்குப் பிறகு கண்ட முதல் பூ. வெட்டவில்லை, எட்டு நாளும் காலையில் போய்ப் பார்த்தேன். 2022 இல் இரண்டு கன்றிலும் சேர்த்துப் பதினாலு.

பதினாலில் ஒன்பதை ஒரே இரவு மழை நிலத்தில் சாய்த்தது. அடுக்குப் பூ தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், மெல்லிய தண்டு தாங்காது. கம்பி வளையத் தாங்கியை ஏப்ரலில், முளை ஒரு சாண் வருவதற்கு முன்பே ஊன்றவேண்டும், தண்டுகள் அதற்குள்ளால் வளர்ந்து வரட்டும். மொட்டு வந்த பிறகு போடப் போனால் தண்டு முறியும். ஒரு தண்டில் நடு மொட்டும் பக்கத்தில் இரண்டு மூன்று சிறு மொட்டும் இருக்கும். பெரிய ஒற்றைப் பூ வேண்டுமென்றால் பக்க மொட்டைப் பட்டாணி அளவிலேயே கிள்ளுங்கள். நாள் நீடித்துப் பூக்கவேண்டுமென்றால் விட்டுவிடுங்கள். நான் விட்டுவிடுகிறேன், ஒரு கிழமை கூடக் கிடைக்கிறது.

வகையைத் தெரிவுசெய்யும்போது மழையை நினைத்துக்கொள்ளுங்கள். சாரா பேர்ண்ஹார்ட் 1906 இல் பிரான்சில் லெமுவான் குடும்பத்தார் வெளியிட்டது, வெட்டுப்பூ வியாபாரத்தில் இன்றும் முன்னுக்கு நிற்கிறது, ஆனால் தண்டு மெலிவு. 1851 இன் ஃபெஸ்ரிவா மக்ஸிமா வெள்ளை, நடுவில் இரத்தத் துளி மாதிரிச் சிவப்பு, நல்ல வாசம், அதுவும் சாயும். ஒற்றை அடுக்குப் பூக்கள், அல்லது வெளியே அகன்ற இதழும் நடுவில் மெல்லிய இழைக் கொத்தும் உள்ள யப்பானிய வகைப் பூக்கள் மழைக்கு நிமிர்ந்து நிற்கும், போல் ஒஃப் பியூட்டி அப்படி ஒன்று. காசு இருந்தால் இட்டோ வகை. யப்பானில் ரொயிச்சி இட்டோ என்பவர் மரப் பியோனியையும் இந்த மென்தண்டு வகையையும் கலக்க மிக நீண்ட காலம் முயன்று 1948 இல் வெற்றி கண்டார். அந்தக் கன்றுகள் பூப்பதைப் பார்க்காமலே 1956 இல் இறந்துவிட்டார். என் இழப்பையெல்லாம் நினைத்து மனம் சலிக்கும்போது அவரை நினைத்துக்கொள்வேன். அவர் வழியில் வந்த மஞ்சள் நிற பார்ட்செல்லா கம்பியில்லாமலே நிற்கும். வாங்குமுன் நேரில் பார்க்க ஒஷாவா தாவரவியல் பூங்காவுக்கு ஜூனில் போங்கள், பியோனித் தொகுப்பு பெரிது. பேர்லிங்ரன் பக்கத்தில் றோயல் பொட்டானிக்கல் கார்டின்ஸின் லேக்கிங் தோட்டத்திலும் ஐரிஸோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். மழைக்கு மறுநாள் போனால் எது நிற்கிறது, எது படுத்துவிட்டது என்று கண்ணாலேயே தெரியும்.

சாமிப்படத்துக்கோ மேசைக்கோ வெட்டுவதென்றால், மொட்டு நிறம் காட்டி, அமத்தினால் மாஷ்மலோ மாதிரி மெத்தென்று இருக்கும் பருவத்தில் காலையில் வெட்டுங்கள். கல்லு மாதிரி இருக்கும்போது வெட்டினால் மலராது. அந்த மெத்துப் பருவத்து மொட்டை இலை களைந்து, கடதாசியில் சுற்றி, பையிலிட்டு ஃபிரிட்ஜில் படுக்க வைத்தால் இரண்டு மூன்று கிழமை இருக்கும். எடுத்து அடித்தண்டை வெட்டித் தண்ணீரில் வைத்தால் ஒரு நாளில் விரியும். பழங்களோடு சேர்த்து வைக்கவேண்டாம். ஒரு கன்றின் தண்டுகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வெட்டக்கூடாது. வெட்டும் தண்டிலும் இரண்டு மூன்று இலையைக் கன்றிலேயே விடவேண்டும். புதுக் கன்றில் முதல் இரண்டு வருடம் வெட்டவே வேண்டாம். நாய், பூனை இருக்கும் வீட்டில் தின்னவிடாமல் பாருங்கள், வயிற்றைக் குழப்பும்.

பூ முடிந்தவுடன் வாடிய தலையை மட்டும் வெட்டி, இலையை விடுங்கள். ஓகஸ்டில் அது வடிவாக இருக்காது, ஊதாப் புள்ளி விழும், சிலவேளை வெள்ளைப் பொடி பூக்கும். ஆனாலும் அந்த இலைதான் அடுத்த வருடக் கண்ணுக்குச் சோறு போடுகிறது. மழை இல்லாத கிழமைகளில் இரண்டரை சென்ரிமீற்றர் அளவு தண்ணீர், இலையில் படாமல் காலடியில், காலையில் விடுங்கள். ஒக்டோபரில் உறைபனி இலையைக் கருக்கிய பிறகு தண்டை நிலமட்டத்துக்கு 3, 4 சென்ரிமீற்றர் மேலே வெட்டி, விழுந்த இலை ஒன்றுகூட விடாமல் கூட்டிக் குப்பையில் போடுங்கள். இட்டோ வகையை மட்டும் 10 சென்ரிமீற்றர் விட்டு வெட்டுங்கள், அதன் தண்டடியில் கண் இருக்கலாம். இதைச் சரியாகச் செய்த வருடங்களில் எனக்கு மொட்டுக் கறுக்கவில்லை.

என்னிடம் கிழங்கு கேட்பவர்கள் எல்லாரும் ஜூனில், பூவைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அப்போது கிண்டினால் உங்கள் துண்டும் கெடும், என் கன்றும் இரண்டு வருடம் பின்னுக்குப் போகும். செப்டெம்பர் கடைசிக் கிழமையில் வாருங்கள், ஒரு வாளியும் பழைய துவாயும் கொண்டுவாருங்கள். வருவதற்கு முன்னமே உங்கள் வளவில் குழியை வெட்டி, மண்ணை மிதித்து வைத்திருங்கள். அடிமட்டம் நான் தருகிறேன்.